ஏடு சுமந்த தோள்கள்

சேலத்து மாம்பழம் சென்னைக்குச் செல்கிறது. ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாகி வடநாட்டுச் சமையலறை வரை செல்கிறது. நாமக்கல் முட்டை கடல் கடந்தும் செல்கிறது. அதே நாமக்கல்லில் பாடி கட்டப்பட்ட லாரிகள், நாட்டின் நான்கு மூலைக்கும் சுமை ஏற்றிச் செல்கின்றன. இந்த மண்ணில் விளையும் பொருள்களில், ஊரெல்லை தாண்ட முடியாமல் தத்தளிப்பது ஒன்றே ஒன்றுதான். அது, இங்கே எழுதப்படும் நூல்!

கைப்பொருள் போட்டுத் தானே நூல் வெளியிடும் எழுத்தாளனின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடன் வாங்கி அச்சிடுகிறான். நண்பர்க்குச் சில படிகள், உறவினர்க்குச் சில படிகள். எஞ்சிய கட்டுகள் கட்டிலுக்கு அடியில்! விலை கொடுத்து வாங்குவோர் சிலர். விலையில்லாமல் கேட்போர் பலர். எழுதும்போது அறிஞன் என்று போற்றப்பட்டவன், விற்கப் புறப்பட்டதும் தொல்லை தருபவன் ஆகிவிடுகிறான்.

“நல்ல நூல் என்றால் தானே விற்கும்” என்பார் உண்டு. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. வரலாற்றுச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவும் வேண்டாம். சேலத்துப் பெருமகன் ஒருவரின் வாழ்விலேயே அது இருக்கிறது.

1880ஆம் ஆண்டு. குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் கோவைகளையும் அடுக்கிச் சொன்னார் ஐயர். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை; சிந்தாமணியின் படி ஒன்றையும் தேடிக் கொடுத்தார். சமண நூல், அதைப் பதிப்பிக்க முனைந்தவர் சைவர், பொருள் விளங்காத இடங்களுக்கு விளக்கம் தந்தவர்கள் குடந்தைச் சமணர்கள். தமிழ் என்ற ஒன்று மட்டுமே அவர்களை இணைத்தது.

ஏடு கிடைத்தது, பொருள் விளங்கியது, அச்சிடப் பணம்? அந்நாளில் அதற்கு வழி ‘கையொப்பம்’. நூல் வெளிவருமுன்பே, வாங்குவதாக ஒப்புக்கொண்டு பலரும் கையெழுத்திட வேண்டும். ஐயர் ஊர் ஊராக, வீடு வீடாக அலைந்தார். பிறகு சென்னையில் வழக்கறிஞராக இருந்த முதலியார், தம் நண்பர்களிடம் அவரை அறிமுகம் செய்து, கையொப்பம் சேர்க்கத் துணை நின்றார். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. காப்பியங்களும் சங்க நூல்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஐயர் பதிப்பில் எழுந்து வந்தன.

முதலியார் 1885இல் இந்தியாவின் குரலை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் ஒருவர். 1892இல், நாற்பது வயதளவில் மறைந்தார். சிந்தாமணியைப் பாடியவரல்லர் அவர், பதிப்பித்தவரும் அல்லர். அதைச் சுமந்தவர்! எழுதுவோன் ஒருவன், சுமப்போன் ஒருவன். இருவரும் சேர்ந்தால்தான் நூல் நடக்கும் என்பதற்குச் சேலம் தந்த சான்று அவர்.

ஆயினும் கையொப்ப முறையின் குறையையும் மறைத்தல் ஆகாது. கையெழுத்திட்டவர் யார்? ஜமீன்தார், மடத்தலைவர், நீதிபதி, வழக்கறிஞர். அவர்தம் வாயிற்படி ஏறும் தகுதி அன்று யாருக்கு இருந்தது? குகையிலும் அம்மாப்பேட்டையிலும் தறி நெய்தவன் காவியமே எழுதியிருந்தாலும், எந்த மாளிகைக் கதவு அவனுக்குத் திறந்திருக்கும்? புரவலர் கதவு பிறப்பைப் பார்த்துத் திறந்த காலம் அது. எனவே, எவன் எழுதலாம் என்பதையும் அந்தக் கதவே முடிவு செய்தது.

அக்கதவைத் தட்டாமல் வேறு வழி கண்டவரும் உண்டு. சேலத்தைத் தம் பெயரோடு தாங்கிய பகடாலு நரசிம்மலு நாயுடு (1854–1922) கோவையில் அச்சகமும் இதழும் நடத்தினார். பயணம், வரலாறு எனப் பல துறைகளில் நூல்களை எழுதிக் குவித்தார். நல்ல வழிதான். ஆனால் அச்சகம் வாங்கும் ஆற்றல் எத்தனை எழுத்தாளருக்கு உண்டு?

பாரதியாருக்கு இல்லை! 1920இல் கடையத்தில் இருந்தபோது அவர் ஒரு திட்டம் தீட்டினார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படி அச்சிட வேண்டும். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை வீடுதோறும் எளிதாகப் பரவும் என்று நம்பினார். கடனாகப் பொருளுதவி கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கையும் விடுத்தார். திட்டம் தாளிலேயே நின்றது. 1921இல் அவர் மறைந்தார். நூல் நன்றாக இருந்தால் போதும் என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

பாட்டு நடந்த வழி வேறு. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரணியம் நோக்கி உப்பெடுக்கச் சென்றோர், நாமக்கல் இராமலிங்கம் பிள்ளையின் பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தனர். கட்சியால் அவர் நம்மவர் அல்லர், தமிழால் நம்மவர். அந்தப் பாட்டுக்கு விளம்பரம் எது? நடந்த கால்கள்தாம்! கொள்கைக்காகத் திரண்ட கூட்டம் எதுவோ, அதுவே எழுத்தின் ஊர்தி.

இதை முழுமையாக உணர்ந்து செயல்பட்டது தன்மான இயக்கம். 1925இல் ஈரோட்டில் ‘குடி அரசு’ தொடங்கிய பெரியார், நூலைக் கடையில் வைத்துக் காத்திருக்கவில்லை. கூட்டம் நடக்கும் இடத்திற்கே நூல் வந்தது. சில அணா விலையில், உழைப்பாளி வாங்கத்தக்க சிறு வெளியீடுகள். மேடையில் கேட்ட கருத்தை மடியில் கட்டிக்கொண்டு வீடு திரும்பினான் எளியவன். 1938இல் பாரதிதாசன் கவிதைகளின் முதல் தொகுதி, குத்தூசி குருசாமி, குஞ்சிதம் இணையரின் முயற்சியால் வெளிவந்தது. ஜமீன் மாளிகை தரவில்லை அதனை, தோழமை தந்தது. 1944 ஆகஸ்டு 27இல் சேலத்தில் கூடிய மாநாடு நீதிக்கட்சியைத் திராவிடர் கழகம் ஆக்கியது. அதன்பின் சிற்றூர்களில் எழுந்த படிப்பகங்களில், எழுத்தறிந்தவன் உரக்கப் படிக்க, அறியாதவன் கேட்டான். ஒரு படி, நூறு செவிகள்! கையொப்பம் கேட்டு எழுத்தாளன் படியேறிய காலம் போய், அவன் நூலை மக்கள் தேடி வந்த காலம் அது.

1948இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. குடிசைக்காரனும் புரவலன் ஆனான். 1977இல் சென்னைப் புத்தகக் காட்சி, 2005இல் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா, 2022 முதல் அரசின் துணையோடு மாவட்டந்தோறும் காட்சிகள். இவை யாவும் பெருமைக்குரியனவே.

ஆனால் தனித்து நிற்கும் எழுத்தாளனுக்கு இவற்றால் முழுப் பயன் உண்டா? ஒரே நூல் வைத்திருப்பவன் கடை வாடகை கட்டிக் காட்சியில் நிற்க இயலாது. விற்பனையாளர் கழிவு போக, அச்சுச் செலவும் போக, அவன் கையில் தங்குவது சிறு தொகை. அதுவும் விற்ற பிறகுதான். நூலக ஆணைக்கு விண்ணப்பித்தால், வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று கணிப்பொறி உதவியால் பத்துப் படி வேண்டுமானாலும் பத்தே அச்சிடலாம். அச்சிடும் துன்பம் குறைந்தது. அறிமுகத் துன்பம் குறையவில்லை. படியின் எண்ணிக்கை சிறுத்ததே தவிர, வாசகன் இருக்கும் தொலைவு சிறுக்கவில்லை.

வழி என்ன? சேலத்து ஜவ்வரிசி காட்டுகிறது வழி! சிதறி நின்ற ஆலைக்காரர்கள் 1981இல் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தனர். விற்பனையை ஒன்றாக நடத்தினர். அண்டை நாடான கேரளத்தில் எழுத்தாளர்களே இதைச் செய்து காட்டினர். 1945இல் கோட்டயத்தில் பன்னிருவர் கூடி எழுத்தாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர், தாமே பதிப்பித்தனர், தம் கடைகளிலேயே விற்றனர். மலையாள எழுத்தாளன் தன் உழைப்புக்குக் கூலி கேட்கத் துணிந்தது அங்கேதான்.

கிழங்குக்குக் கூட்டுறவு உண்டு, கருத்துக்கு வேண்டாமா? சேலம், நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் எழுத்தாளர்கள் கூடட்டும். புத்தகக் காட்சியில் அனைவர்க்கும் பொதுவாக ஒரு கடை, அனைவர் நூலுக்கும் ஒரே பட்டியல், படிப்பகந்தோறும் மாதம் ஒரு நூலைப் பற்றிய கூட்டம். இவற்றுக்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை, மனம் தேவை.

வாசகர்க்கும் கடமை உண்டு. பொன்னாடைக்கு மாற்றாக நூல் தாருங்கள் என்று 2017இல் மு.க. ஸ்டாலின் கேட்டபோது, நூல்கள் குவிந்தன. ஒவ்வொரு மணவிழாவும் அவ்வாறு ஆகட்டும். அன்பளிப்பாகக் கேட்காதீர்கள், விலை கொடுத்து வாங்குங்கள். படித்தபின் அலமாரியில் பூட்டாதீர்கள், அடுத்தவரிடம் சொல்லுங்கள். நூல் எழுதாமலேயே தமிழ் வரலாற்றில் நின்றவர் சேலம் இராமசாமி முதலியார். எழுத அறியாதவரும் அவர்போல் சுமக்கலாம். அதற்குக் குலம் தேவையில்லை, செல்வம் தேவையில்லை. தோள் ஒன்றே தேவை!