எபனேசரின் மீன்: சுவாமிநாதன் படித்த பள்ளி எந்த ஊரில் இருந்தது?

மால்குடி எங்கே இருக்கிறது என்று மைசூரில் யாரைக் கேட்டாலும், இதுதான் மால்குடி என்று தயங்காமல் சொல்வார்கள். யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் கட்டிய வீடு 2016 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. மகாராஜா உயர்நிலைப் பள்ளி இருந்த வளாகத்தைக் காட்டி, சுவாமியும் மணியும் ராஜமும் அடித்த கூத்தெல்லாம் இங்கேதான் நடந்தது என்று வருகிறவர்களிடம் சொல்வோரும் உண்டு. அவர்களைப் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஆய்வு மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் குறும்புகளின் முகவரியை நாவலுக்குள்ளேயே தேடினால் மைசூர் கிடைப்பதில்லை, மெட்ராஸ்தான் கிடைக்கிறது. மைசூர் அந்த நாவலுக்குத் தந்தது வேறொன்று.

முதலில் வரலாறு. நாராயண் பிறந்தது 1906 அக்டோபர் 10 அன்று, சென்னையில். வளர்ந்தது புரசைவாக்கத்தில், பாட்டி அம்மணியின் வீட்டில், ஒரு மயிலும் ஒரு குரங்கும் துணையாக. தந்தை கிருஷ்ணசாமி ஐயர் மைசூர் சமஸ்தானத்தின் கல்வித்துறையில் தலைமையாசிரியர். ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்தவர். அவர் மைசூர் மகாராஜா கல்லூரியோடு இணைந்த உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரான பிறகே மகன் அங்கே வந்து சேர்ந்தார். எனவே சிறுவயதுப் பள்ளி சென்னையில். மீசை அரும்பும் வயதுப் பள்ளி மைசூரில். சுவாமிநாதனுக்கோ நாவலில் பத்து வயது. இந்த ஒரு கணக்கே நம்மை எச்சரித்திருக்க வேண்டும்.

நாவலுக்குள் வருவோம். ‘சுவாமியும் நண்பர்களும்’ வெளியானது 1935இல். சுவாமி முதலில் படிப்பது ஆல்பர்ட் மிஷன் பள்ளி, பின்னர் போர்டு உயர்நிலைப் பள்ளி. மைசூரிலும் மிஷன் பள்ளி இருந்தது. குவெம்பு படித்தது அங்கிருந்த வெஸ்லியன் மிஷன் பள்ளியில்தான். ஆனால் ‘மிஷன் பள்ளியை விட்டால் போர்டு பள்ளி’ என்ற அந்த இணை, மெட்ராஸ் மாகாணத்துச் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று நம் தாத்தாக்கள் சொன்னார்களே, அந்தப் போர்டு. சமஸ்தானத்தில் பெரிய உயர்நிலைப் பள்ளி என்றாலே அரசாங்கப் பள்ளி, அதாவது மகாராஜாவின் பள்ளி. அந்தப் பெயர் நாவலில் எங்கும் தலைகாட்டவில்லை.

இதைவிட வலுவான சான்று கிரிக்கெட் மட்டை. ராஜமும் நண்பர்களும் எம்.சி.சி. என்ற அணியைத் தொடங்குகிறார்கள். மால்குடி கிரிக்கெட் கிளப் என்பதன் சுருக்கம் அது. லண்டனில் அதே பெயரில் ஒரு சங்கம் இருப்பது அவர்களுக்குத் தடையாகத் தோன்றவில்லை. மட்டை வாங்கக் கடிதம் எழுதுவது எங்கே? மெட்ராஸ் மவுண்ட் ரோடில் இருக்கும் பின்ஸ் கம்பெனிக்கு. மைசூர்ப் பையன் என்றால் பெங்களூருக்கல்லவா எழுதியிருப்பான்? கம்பெனியிலிருந்து முறையான வணிகக் கடிதம் வருகிறது: கால் பங்குப் பணத்தை முன்னதாக அனுப்புக, மீதியைச் சரக்கு வரும்போது கட்டுக. பையன்களுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. யாருக்கோ எழுதியது தவறி நமக்கு வந்துவிட்டது என்று முடிவு கட்டி, அந்தத் தவறுக்காக வருத்தப்பட்டு, கடிதத்தைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்! பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த பள்ளி அவர்களுக்கு அளித்த ஆங்கிலம் அவ்வளவுதான் என்று நாராயண் எங்கும் சொல்வதில்லை. சிரிக்கவைத்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்.

அரசியலும் இதே திசையைத்தான் காட்டுகிறது. 1930 ஆகஸ்ட் 15 அன்று, பம்பாய்த் தலைவர் ஒருவர் கைதானதைக் கண்டித்து சரயு நதிக்கரையில் கூட்டம் நடக்கிறது. சுவாமி தன் தொப்பியை அன்னியத் துணி எரியும் நெருப்பில் எறிகிறான். மறுநாள் பள்ளி ஜன்னல்மீது கல் வீசுகிறான். (ஆகஸ்ட் 15 என்ற தேதியில் 1935இல் யாருக்கும் எந்தப் பொருளும் இருந்திருக்காது; இன்று படிக்கும்போது நமக்குத்தான் திடுக்கிடுகிறது.) சுதேச சமஸ்தானங்களுக்குள் நேரடிப் போராட்டம் வேண்டாம் என்பதே அப்போது காங்கிரசின் நிலைப்பாடு. 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேர விரும்பிய மைசூர்க்காரர்கள் எல்லை தாண்டி, பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த அங்கோலாவுக்குப் போனார்கள். மைசூர் மாணவர்கள் சாதுக்களாக இருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. 1928இல் பெங்களூர் சுல்தான்பேட்டைப் பள்ளி வளாகத்துப் பிள்ளையார் சிலையைச் சுற்றி எழுந்த கலவரத்தை ஆராய விசுவேசுவரய்யா தலைமையில் குழுவே அமைக்க வேண்டியிருந்தது. ஆனால் அன்னியத் துணி எரிப்பும், அதையொட்டிய கடையடைப்பும் தடியடியும் நடக்கும் மால்குடி, பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர்.

இனி எபனேசர். என்னைப் பொறுத்தவரை இந்நாவலின் திறவுகோல் அந்த வேதபாட ஆசிரியர்தான்.

முதல் அத்தியாயத்திலேயே அவர் கண்ணனைப் பழிக்கிறார்: வெண்ணெய் திருடியவன் கடவுளா, எங்கள் ஏசு அப்படிச் செய்தாரா என்கிற ரீதியில். சுவாமிக்குப் பொறுக்கவில்லை. ஏசு அவ்வளவு நல்லவர் என்றால் அவரை ஏன் சிலுவையில் அறைந்தார்கள் என்று கேட்கிறான். அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பான். அவர் ஏன் மீனும் இறைச்சியும் தின்றார், திராட்சைமது குடித்தார் என்றும் கேட்டுவிடுகிறான். பிராமண வீட்டுப் பையனுக்கு அசைவம் உண்ணும் கடவுளைக் கற்பனை செய்யவே முடியவில்லை. கேள்விக்கு விடையாகக் காதைத் திருகுகிறார் எபனேசர்.

இந்தக் காட்சியை நாராயணின் தன்வரலாற்று நூலான ‘மை டேஸ்’ (1974) என்பதோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். புரசைவாக்கம் லூதரன் மிஷன் பள்ளியில் வேதபாட வகுப்பு என்றால் பெரும்பாலும் இந்துக் கடவுளரைக் கேலி செய்யும் வகுப்பு என்று அதில் நினைவுகூர்கிறார். அந்த வகுப்பில் பிராமணப் பையன் அவர் ஒருவரே. பிராமணர்கள் சைவம் என்று சொல்லிக்கொண்டு மறைவில் மீனும் இறைச்சியும் தின்கிறார்கள், அவற்றின் விலை ஏறியதற்கே அவர்கள்தான் காரணம் என்று ஆசிரியர் சொல்ல, வகுப்பு முழுவதும் திரும்பி அவரைப் பார்க்குமாம்.

மீன் கைமாறியிருப்பதைக் கவனியுங்கள். புரசைவாக்கத்தில் ஆசிரியர் மாணவன்மீது எறிந்த மீனை, மால்குடியில் மாணவன் ஆசிரியர்மீது எறிகிறான். வகுப்பில் வாய் திறக்க முடியாமல் கூசி உட்கார்ந்திருந்த சிறுவனுக்குப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மறுமொழி கிடைத்திருக்கிறது. இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது நாம் அஞ்ச வேண்டிய இடமும் இதுவே. எபனேசர் காட்சியை எடுத்து, 1910களில் மிஷன் பள்ளி மாணவர்கள் இப்படியெல்லாம் துணிந்து கேட்டார்கள் என்று எழுதினால் அது பிழை. அவமானம் நடந்தது, எதிர்க்கேள்வி எழுதப்பட்டது. அதே சமயம், சாதிப் பெருமிதமும் காயமும் பிரித்தெடுக்க முடியாதபடி ஒன்றாகக் கிடக்கும் காட்சி இது. பிராமணச் சிறுவனின் அருவருப்பை நாராயண் நகைச்சுவையாக்குகிறார், ஆனால் அதை விசாரிப்பதில்லை. அந்த வகுப்பில் மீன் தின்னும் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பது கதையில் இல்லை.

அப்படியானால் மைசூர் என்ன தந்தது? தலைமையாசிரியரின் வீட்டைத் தந்தது என்பேன்.

சுவாமியின் தந்தை எபனேசர்மீது புகார் கூறித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். சுவாமி அதைச் சுமந்துபோய்க் கொடுக்கிறான். ‘மால்குடி நாட்கள்’ தொகுப்பிலுள்ள ‘ஃபாதர்ஸ் ஹெல்ப்’ கதை முழுவதும் இப்படியொரு கடிதத்தைச் சுற்றித்தான். பள்ளிக்கு மட்டம் போட நினைத்த சுவாமி, சாமுவேல் வாத்தியார் கொடூரமாக அடிப்பவர் என்று வீட்டில் அளந்துவிடுகிறான். தந்தை கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். பாவம், சாமுவேலோ நல்ல மனிதர். கடிதத்தை நியாயப்படுத்தியாக வேண்டுமே என்று சுவாமி வகுப்பில் வம்பு செய்து அடி கேட்டு வாங்குகிறான். அடி வாங்கியாயிற்று, இனிக் கொடுக்கலாம் என்று போனால் தலைமையாசிரியர் விடுப்பில். உதவித் தலைமையாசிரியரிடம் கொடு என்கிறார்கள். அந்த உதவித் தலைமையாசிரியர் சாமுவேலேதான்!

பெற்றோரின் புகார்க் கடிதம் என்ற பொருளுக்கு இவ்வளவு நாடக ஆற்றல் உண்டு என்பது கடிதம் கொண்டுபோகும் பையனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அக்கடிதங்கள் நாள்தோறும் வந்து சேரும் மேசையின் அருகில் வளர்ந்தவருக்குத் தெரியும். இது என் ஊகமே. ஆனால் பாட்டி வீட்டு பெஞ்சு மாணவனின் நினைவும் தலைமையாசிரியர் வீட்டின் பார்வையும் ஒரே ஆளுக்குள் சேர்ந்திராவிட்டால், இக்கதைகள் ஆசிரியரைப் பழிக்கும் கதைகளாகவோ மாணவனைத் திருத்தும் கதைகளாகவோ முடிந்திருக்கும்.

மைசூர் தந்த இன்னொன்று பள்ளி நூலகம். ‘ஸ்ட்ராண்ட்’, ‘ஹார்ப்பர்ஸ்’, ‘அட்லாண்டிக்’ முதலான அயல்நாட்டு இதழ்கள் தந்தையின் பள்ளிக்கு வந்தன. விடுமுறை நாள்களில் மகன் அவற்றை மேய்ந்தார். அங்கேயே பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலும் தோற்றார். தலைமையாசிரியர் மகன் தேர்வில் தோற்று ஓராண்டு வீட்டிலிருப்பது அக்காலத்தில் சின்ன விஷயமல்ல. 1926இல் தேறி, மூன்றாண்டில் முடிக்க வேண்டிய பட்டப்படிப்பை நான்காண்டில் முடித்தார். பிறகு சிறிது காலம் பள்ளி ஆசிரியராகவும் இருந்து பார்த்தார். உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பதிலாகப் போ என்று தலைமையாசிரியர் சொன்னதும் வேலையை உதறினார். போர்டு பள்ளியில் சுவாமியின் கிரிக்கெட் பயிற்சியைக் கெடுத்து, கடைசியில் அவனை ஊரைவிட்டே ஓடச் செய்வதும் மாலை நேரத்து டிரில் வகுப்புதான் என்பதை நினைவூட்டி நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டில் வேறொரு சான்றும் ஓடியாடிக்கொண்டிருந்தது. தம்பி ஆர்.கே. லட்சுமணன் 1921இல் மைசூரில் பிறந்தவர். 1930 செப்டம்பரில் பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில், பெங்களூரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அண்ணன் முதல் வரியை எழுதியபோது தம்பிக்கு ஒன்பது வயது நிறையவில்லை. சுவரிலும் தரையிலும் படம் கிறுக்கி, பள்ளியில் ஆசிரியர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து, தெருக் கிரிக்கெட் அணிக்குத் தலைவனாகவும் திரிந்த பையன் அவர். அவருடைய அணியின் கூத்துகளிலிருந்து அண்ணன் பின்னாளில் சிறுகதைகள் எழுதினார்.

நூலுக்கு முதலில் வைத்த பெயர் வேறு. சுவாமி என்ற பந்துவீச்சாளனை, இங்கிலாந்து வீரர் மாரிஸ் டேட்டின் பெயரால் சுட்டியது. கைப்பிரதியைப் படித்துப் பதிப்பாளரிடம் சேர்த்த கிரகாம் கிரீன், கிப்ளிங்கின் ‘ஸ்டாக்கி அண்ட் கோ’ நினைவுக்கு வரும்படி இப்போதைய பெயரைச் சூட்டினார். விற்பனைக்கு அது உதவியிருக்கலாம், ஒப்பீடு பொருந்தாது. கிப்ளிங்கின் பையன்கள் விடுதியில் வளர்கிறார்கள். அவர்களுடைய குறும்பு பேரரசை ஆளப் போகிறவர்களுக்கான பயிற்சி. சுவாமி மாலையானால் வீட்டுக்குப் போக வேண்டியவன். வீட்டிலும் கணக்கு காத்திருக்கிறது: ராமனிடம் பத்து மாம்பழம், பதினைந்து அணா வேண்டும், கிருஷ்ணனுக்கு நான்கு போதும், எவ்வளவு கொடுக்க வேண்டும்? பழங்கள் பழுத்தவையா என்று தெரியாமல் சுவாமியால் மேலே போக முடியவில்லை. சந்தையில் மாம்பழம் வாங்கிய எவரும் கேட்கும் கேள்விதான் அது. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை.

சங்கர் நாக் 1986இல் அகும்பேயில் படமாக்கிய தூர்தர்ஷன் தொடரில் எல்லாவற்றின்மீதும் ஓர் இளவெயில் படிந்திருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, சுவாமி இரண்டு பள்ளிகளிலிருந்தும் பிரம்புக்கு எதிராகத் திமிறியே வெளியேறுகிறான் என்பது மறந்துபோகிறது. நாராயண் மறக்கவில்லை. 1986இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், 1989இல் தம் கன்னிப் பேச்சை, புத்தக மூட்டை சுமந்து கூன்விழும் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செலவிட்டார். அப்போது அவருக்கு வயது 82. அந்தப் பேச்சு எழுப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக யஷ்பால் தலைமையில் 1992இல் குழு அமைந்து, மறு ஆண்டு ‘சுமையற்ற கற்றல்’ என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கை தந்தது. கல்வியியல் மாணவர்கள் அந்த அறிக்கையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள்.