பெருந்தோட்டத் தாயும் பாலூட்டும் நேரமும்: ஒரு வரலாற்று நோக்கு

தாய்ப்பாலின் சிறப்பை அறியாமையே கிராமப்புறத் தாய்மாரின் குறையெனக் கருதி, அவர்களுக்கு அறிவுரை கூறுவதையே உதவியெனக் கொள்வோர் பலர். இலங்கையின் மலையகப் பெருந்தோட்ட வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்தின் போதாமை புலனாகும். அங்கு தாய்க்குக் குறைந்தது அறிவன்று, நேரமேயாகும்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோருட் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து மீளும் ஆடவராயிருந்தனர். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைச் செய்கை பரவியதும் இந்நிலை மாறிற்று. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. கொழுந்து பறித்தல் பெண்களின் தொழிலாயிற்று. மலைக்குச் செல்லும் தாய் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்லும் வழக்கமும் இதனோடு வேரூன்றியது.

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டபின், அரசாங்க மருத்துவமாதர் கிராமத்து வீடுகளை நாடிச் செல்லும் முறை படிப்படியாகப் பரவிற்று. தோட்டத் தொழிலாளரின் சுகாதாரமோ பெரிதும் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும் இவ்விடைவெளி உடனே அகலவில்லை. தமிழறிந்த மருத்துவமாதரின் பற்றாக்குறை அதனை மேலும் நீடிக்கச் செய்தது.

சட்டம் வாளாவிருந்ததெனக் கூறவியலாது. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிரசவத்தின் பின் நான்கு வாரங்கள் வேலை வாங்குவதைத் தடைசெய்தது. 1985 இல் விடுமுறை 12 வாரங்களாயிற்று. எனினும் மூன்றாம் பிள்ளை முதல் 6 வாரங்களே கிடைத்தன. பிறந்த வரிசைக்கேற்பக் குழந்தையின் பசி குறைவதில்லை. இவ்வேற்றுமை 2018 இலேயே நீக்கப்பட்டது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதுமென்பது 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 12 வாரமோ அதன் பாதியளவும் ஆகாது.

விடுமுறை முடிந்தபின் பாலூட்டல் இடைவேளையே தாய்க்குத் துணை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலையில் இரு இடைவேளைகளைச் சட்டம் வழங்குகிறது. பிள்ளைக்காம்பரா இருப்பின் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லையேல் ஒரு மணித்தியாலம். பிள்ளைக்காம்பரா உண்டா என்று வினவிய சட்டம், அது எவ்வளவு தூரத்திலுள்ளது என்று வினவவில்லை. செங்குத்தான மலையிலிருந்து இறங்கி ஏறுவதற்கே அந்த அரைமணி போதாதவிடத்து உரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது. அன்றியும், பறித்த கொழுந்தின் நிறை குறையின் அரைப்பேரே கிடைக்குமென்னும் அச்சம் தாயின் காலைக் கட்டிப்போடுகிறது. இவ்விடத்திலேயே புட்டிப்பால் நுழைகின்றது.

ஆகவே, பால்கொடுக்கும் தாய்க்கு நிறைக்கணக்கிற் சலுகையும், நடைநேரம் நீங்கலான இடைவேளையும், அவள் மொழியிற் பேசும் மருத்துவமாதும் வேண்டும். இவையின்றிக் கூறப்படும் அறிவுரை, குழந்தையின் பசிக்கான பழியைத் தாய்மீதே சுமத்துவதாகும்.