நெய்வேலிச் சுரங்கமும் தரைக்கீழ் நீர் அவதானிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

சுரங்கங்களின் வரலாற்றை எழுதுவோர் அகழ்ந்தெடுக்கப்பட்ட கனிப்பொருளின் அளவையே பெரிதும் பேசுவர். அதனை எடுக்கும்பொருட்டு வெளியேற்றப்பட்ட நீரின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி இவ்வகையில் தனித்து நோக்கற்பாலது. அங்கு நீரை அளந்தறியாமல் நிலக்கரியை எடுத்தல் ஒருபோதும் இயலாததாக இருந்தது. ஆயினும், அந்த அளவீடு யாருடைய தேவைக்காகத் தொடங்கியது, பின்னர் யாருக்குத் தேவைப்பட்டது என்பதே நெய்வேலி வரலாறு எழுப்பும் முதன்மையான வினாவாகும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி உண்டென்பதை முதலில் உணர்த்தியதே நீர்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்திலிருந்த ஆட்டீசியன் கிணறுகளில் நீரோடு கருமை கலந்த பழுப்புநிறப் பொருள் வெளிப்பட்டது. 1943 - 46 காலப்பகுதியில் இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களம் மேற்கொண்ட துளையிடல்கள் அப்படிவின் பரப்பை ஓரளவு தெளிவாக்கின. நிலக்கரிக்குத் தொலைவிலுள்ள வட மாநிலங்களையே நம்பியிருந்த சென்னை மாநிலத்துக்கு இக்கண்டுபிடிப்பு பெரும் நம்பிக்கையளித்தது. 1956 நவம்பர் 14இல் நெய்வேலி நிலக்கரிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1957 மே 20இல் பிரதமர் நேரு அகழ்வுப் பணியைத் தொடக்கிவைத்தார்.

ஆயினும், நிலக்கரியை அறிவித்த அதே நீர் அதனை எடுப்பதற்குத் தடையாயிற்று. நிலக்கரிப் படைக்குக் கீழே கடலூர் மணற்கல் எனப்படும் பாறைத்தொகுதியில் அடைபட்ட நீர்தாங்குபடை ஒன்று அமைந்துள்ளது. அதிலுள்ள நீர் சதுரசென்ரிமீற்றருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரையிலான அமுக்கத்துடன் மேல்நோக்கி உந்துகிறது. இது 60 முதல் 80 மீற்றர் உயரமான நீர்நிரலின் அமுக்கத்துக்குச் சமமாகும். மேலுள்ள மண்ணும் மணற்கல்லும் அகற்றப்படின், இவ்வமுக்கத்தைத் தாங்கும் பாரம் இல்லாதுபோய்ச் சுரங்கத்தின் அடித்தளம் பிளந்து நீர் பீறிடும். எனவே நிலக்கரியை அணுகுமுன் அமுக்கத்தைக் குறைக்கவேண்டியிருந்தது.

சுரங்கத்தைச் சூழத் தெரிந்தெடுக்கப்பட்ட இடங்களில் ஆழமான குழாய்க்கிணறுகள் அமைத்து இரவு பகலாக நீர் இறைப்பதே இதற்குக் கைக்கொள்ளப்பட்ட முறையாகும். 1961 ஜூலையில் இப்பணி தொடங்கியது. அடுத்த மாதமே நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் மின்னுற்பத்தியும் ஆரம்பமாயிற்று. தொடக்க ஆண்டுகளில் ஒரு தொன் நிலக்கரிக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட நீர் இறைக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. இறைக்கும் கிணறுகளோடு அவதானக் கிணறுகளும் இன்றியமையாதவையாயின. குறிப்பிட்ட ஒரு படைக்கு மட்டும் திறந்திருக்கும் குழாயில் நீர் எம்மட்டத்தில் நிற்கிறதோ அதுவே அப்படையின் அமுக்கத்தைக் காட்டும். அவ்வளவீடுகளைப் படத்தில் இணைக்கும்போது, சுரங்கத்தை நடுவாகக் கொண்டு கூம்பு வடிவில் தாழ்ந்துசெல்லும் நீரமுக்கத் தோற்றம் புலனாகும்.

இவ்விடத்தே ஒரே இலக்கம் இரு பொருள் பெறுகிறது. சுரங்கப் பொறியியலாளருக்கு நீர்மட்டத்தின் வீழ்ச்சி வெற்றியாகும். விவசாயிக்கு அது இழப்பாகும். முன்னர் தாமாகவே பொங்கிப் பாய்ந்த கிணறுகள் ஓய்ந்தன; பின்னர் நீர்ப்பம்பிகளின் துணையோடு ஆழத்திலிருந்து நீரை இறைக்கவேண்டியதாயிற்று. இவ்வீழ்ச்சி முழுவதற்கும் சுரங்கமே காரணமெனக் கூறுதல் பொருந்தாது. மழைக்குறைவும், மின்சாரப் பம்பிகளின் பெருக்கத்தால் விவசாயிகளே கூடுதலாக இறைத்தமையும் இதில் பங்குகொண்டன. ஆனால் எதன் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வேண்டுமாயின், மேற்படைக்கும் ஆழ்படைக்கும் தனித்தனி அவதானக் கிணறுகளும், பல்லாண்டு தொடர்ந்த பதிவுகளும், அவற்றைப் பாதிக்கப்பட்டோரும் பார்க்கக்கூடிய வாய்ப்பும் வேண்டும். அளவீடு இல்லாத இடத்தில் விவசாயியின் அனுபவம் வெறும் முறைப்பாடாகவே எண்ணப்படும்.

நீரின் அளவைப் போன்றே அதன் தரமும் முக்கியமானது. நெய்வேலிக்குக் கிழக்கே வங்காள விரிகுடா அமைந்துள்ளது. கரையோரத்தில் நன்னீரின் அமுக்கம் கடல்மட்டத்துக்குக் கீழே தாழின் உவர்நீர் உள்நோக்கி நகரும். குளோரைட்டின் செறிவும் மின்கடத்துதிறனும் காலந்தோறும் அளக்கப்படுவது இதன் பொருட்டாகும். அனல்மின் நிலையச் சாம்பலிலிருந்து கசியக்கூடிய உலோகங்கள் பற்றிய ஐயமும் உண்டு. நீர்மட்டத்தை அளவாவிடின் சுரங்கமே நின்றுவிடும். தரத்தை அளவாவிடினும் சுரங்கம் இயங்கும். பொதுவிவாதத்தில் தரம் பற்றிய வினா காலந்தாழ்ந்து வலுப்பெற்றமைக்கு இவ்வேறுபாடு ஒரு காரணமெனலாம். 2023இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் சுரங்கத்தையும் மின்நிலையங்களையும் சூழ்ந்த ஊர்களின் நீரையும் மண்ணையும் பரிசோதித்து வெளியிட்ட அறிக்கை இவ்வினாவை மீண்டும் முன்கொணர்ந்தது.

இதனிடையே கழிவெனக் கருதப்பட்ட நீர் செல்வமாகவும் மாறிற்று. மின்நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பயன்பட்ட அது, 2017ஆம் ஆண்டு வரட்சியின்போது சென்னை நகரின் தாகத்தைத் தீர்க்கவும் உதவிற்று. அதே காலத்தில் சுரங்க விரிவாக்கம் புதிய நிலங்களை வேண்டிநின்றது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்துநின்ற நெல்வயல்களினூடே கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, நிலத்துக்கான போராட்டம் மட்டுமன்று. அந்நிலத்தின் கீழுள்ள நீர் யாருடையது என்ற வினாவும் அதில் அடங்கியிருந்தது.

நெய்வேலியின் நிலக்கரி பல இலட்சம் வீடுகளுக்கு ஒளியூட்டியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வொளிக்காக ஒரு பிரதேசம் தன் தரைக்கீழ் நீரைக் கொடுத்துள்ளது. கொடுத்தது எவ்வளவென்பதற்குச் சான்று அவதானக் கிணறுகளின் ஏடுகளே. சுரங்கத்தின் பாதுகாப்புக்காகத் தொடங்கிய அவ்வேடுகள் மக்களின் பாதுகாப்புக்காகவும் திறந்துவைக்கப்படும்போதே அவதானிப்பு தன் முழுப்பயனை எய்தும்.