எந்த ஆண்டின் ரயில்? வெலிங்டன் தீவை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மேஜையின் மீது சிறு தண்டவாளம் அமைத்து, சிறு எஞ்சினையும் பெட்டிகளையும் ஓடவிடும் கலையை விளையாட்டு என்று பலரும் கருதுவர். விளையாட்டுத்தான், ஐயமில்லை. ஆயினும் முதல் ஆணியை அடிப்பதற்கு முன் அவ்விளையாட்டில் விடை காண வேண்டிய வினா, சரித்திர ஆசிரியனுக்கு உரியது. எந்த ரயில்வே? எந்த ஆண்டு? இவ்விரண்டையும் முடிவு செய்யாது தொடங்கியவரின் மேஜையில், 1930-ஆம் ஆண்டின் நீராவி எஞ்சின் 1990-களின் நீலநிறப் பெட்டிகளை இழுத்துச் செல்லும். பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் அப்படி ஒரு நாள் உலகில் விடிந்ததே இல்லை.

ஐரோப்பியர் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். தங்கள் ரயில்வேயின் வரலாற்றைக் காலப் பிரிவுகளாக வகுத்து எண்ணிட்டு, கடையில் விற்கும் மாதிரிப் பெட்டியின் அட்டையிலேயே அந்த எண்ணை அச்சிடுகின்றனர். நம் நாட்டு ரயிலை அமைக்க விரும்புவோர் இவ்வரலாற்றைத் தாமே தேடித் தொகுத்துக்கொள்ள வேண்டியவர்களாயிருக்கின்றனர். அது எவ்வாறு என்பதற்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம்.

மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே காயலில் அமைந்திருக்கிறது வெலிங்டன் தீவு. அதன் பெரும்பகுதி இயற்கை தந்ததன்று. 1920-ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டுவித்து, காயலை ஆழப்படுத்தித் தோண்டிய மண்ணைக் கொண்டே அத்தீவை எழுப்பினார். 1928-ஆம் ஆண்டில் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. அந்த ஆண்டைத் தேர்ந்தெடுப்பவருக்குக் கப்பல் கிடைக்கும். மண்வாரிக் கப்பலும் கிடைக்கும். ரயில் மட்டும் கிடைக்காது. தீவுக்கு அப்போது பாலமே இல்லை.

ரயில் அன்று எர்ணாகுளத்தோடு நின்றது. ஷோரனூரிலிருந்து எர்ணாகுளம் வரை 1902-ஆம் ஆண்டில் அமைந்த அப்பாதை மீட்டர் கேஜ். அதற்குப் பொருள் திரட்டக் கொச்சி மகாராஜா திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் முகபடாங்களை விற்றார் என்பது அந்நாட்டில் இன்றும் பெருமையோடு பேசப்படும் செய்தி. சென்னையிலிருந்து வருவோர் ஷோரனூரில் இறங்கி, சிறிய வண்டிக்கு மாற வேண்டியிருந்தது. 1930-களின் நடுவில் அப்பாதை பிராட் கேஜாயிற்று. பின்னர் வெண்டுருத்திப் பாலம் எழுந்து, 1940-களின் தொடக்கத்தில் கொச்சித் துறைமுக முனையம் என்னும் நிலையம் தீவில் திறக்கப்பெற்றது. போர்க்காலத்து மாதிரி வேண்டுவோர் இங்கே தொடங்கலாம். ஆனால் 1944-ஆம் ஆண்டில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி அரசின் கைக்கு மாறியது என்பதையும், 1951-ஆம் ஆண்டில் அதன் பெயரே மறைந்து தெற்கு ரயில்வே பிறந்தது என்பதையும் அவர்கள் மறத்தலாகாது. பெட்டியின் பக்கத்தில் எழுதும் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

அடுத்த காலம், வெளிமாநிலங்களில் வாழும் தமிழருக்கு மிக நெருங்கிய காலம் என்பது நம் கருத்து. கேரள மாநிலம் 1956 நவம்பரில் உதயமாவதற்குச் சில நாட்களுக்கு முன், எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வரை மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. 1958-இல் அது கொல்லத்தை எட்டியது. கொல்லத்திலிருந்து புனலூர், ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை செல்லும் மலைப்பாதை 1904 முதலே இருந்தது. ஆகவே 1958 தொடங்கி, கொல்லம் பாதை பிராட் கேஜாக மாறிய 1970-களின் நடுப்பகுதி வரை, கொச்சித் தமிழருக்கு ஊர் செல்ல இரண்டு வழிகள் இருந்தன. கோவை, ஈரோடு நோக்கிச் செல்வோர் பாலக்காட்டுக் கணவாய் வழியே பெரிய வண்டியில் சென்றனர். தென்பாண்டி நாட்டை நோக்கிச் செல்வோருக்குச் செங்கோட்டை வழியே சிறிய வண்டிகளின் பாதை இருந்தது. இரு பாதைகளும் எர்ணாகுளத்தில் சந்தித்தன.

சரக்கும் அவ்வாறே. 1947 முதல் கொச்சியில் தேயிலை ஏலம் நடைபெற்று வருகிறது. நீலகிரித் தேயிலை மரப்பெட்டிகளில் அடைபட்டுத் துறைமுகத்தை அடைந்தது. 'டீ கார்டன் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரே கொச்சியையும் தமிழகத்தையும் இணைத்த ஒரு வண்டிக்கு வழங்கிற்று. நான்கு சக்கர கூட்ஸ் வாகன்கள், பெரம்பூரில் 1955 முதல் உருவான ஐ.சி.எஃப். பெட்டிகள், 1974 வரை நீடித்த மூன்றாம் வகுப்பு ஆகியவை அந்தக் காலத்தின் அடையாளங்கள். இவற்றை ஏற்பவர் மின்கம்பிகளையும், நீலப் பெட்டிகளையும், கண்டெய்னர்களையும் துறக்க வேண்டும். ஆண்டைத் தேர்தல் என்பது பிறவற்றைத் துறத்தலே.

அளவைப் பற்றியும் ஒரு சொல். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஹெச்.ஓ. வகை, 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ளது. ஐரோப்பியப் பாதைக்கு அது பொருந்தும். நம் பிராட் கேஜின் 1,676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19-க்குச் சற்று மேல் வரும். ஆகவே கடைத் தண்டவாளத்தில் நம் பெரிய வண்டி ஒடுங்கிய கால்களோடு நிற்கும். மீட்டர் கேஜோ ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர், கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் அதற்கு மிக நெருங்கியது. இரு பாதைகளையும் அருகருகே காட்ட விரும்புவோர் பெரிய பாதையைத் தம் கையாலேயே அமைப்பது நன்று. இல்லையேல் இரண்டுக்குமுள்ள வேறுபாடு சுருங்கி, அக்காலத்தின் இயல்பே மறைந்துவிடும்.

புகைப்படம் ஒன்றே சான்றாகிவிடும் என்றும் எண்ணலாகாது. 2000-களில் வெண்டுருத்திப் பாலம் பழுதுற்றபின் தீவின் ரயில் போக்குவரத்து ஓய்ந்தது. 2011-இல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் தொடங்கிற்று. 2018-இல் ஒரு வண்டி சிறிது காலம் ஓடி நின்றது. 2019-இல், 1855-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 என்னும் பழம்பெரும் எஞ்சின் எர்ணாகுளத்துக்கும் தீவுக்கும் இடையே ஓட்டிக் காட்டப்பட்டது. அந்தப் படத்தைத் தேதி அறியாது காண்பவர், நீராவிக் காலத்துக் கொச்சியில் அந்த எஞ்சின் ஓடியதாகவே கொள்வார். உண்மையில் அது கிழக்கிந்திய ரயில்வேக்காகச் செய்யப்பட்டது. தீவில் நிலையம் தோன்றும்போதே அதற்கு எண்பது வயது கடந்திருந்தது.

நேயர்களே, மும்பையிலோ, தில்லியிலோ, கொச்சியிலோ பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குச் செங்கோட்டைப் பாதையில் சென்ற சிறிய வண்டி ஒரு பெயராகக்கூட எட்டியிராது. அதில் பயணம் செய்தவர்கள் முதுமை எய்திவிட்டனர். எந்த வண்டியில் வந்தீர்கள், எங்கே மாறினீர்கள், பெட்டி என்ன நிறம், பலகையில் எந்தெந்த மொழிகள் இருந்தன என்று அவர்களை இன்றே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அவர்கள் சொல்லும் ஆண்டே நம் மேஜைக்கு உரிய ஆண்டு. தண்டவாளம் பிறகும் வாங்கலாம். அந்தச் செய்தியைப் பிறகு வாங்க இயலாது.