வண்ணை நகர் காண்போம்

யாழ்ப்பாணத்துக்கு வருவோர் கோட்டையையும் நல்லூரையும் கண்டு மீளுதல் வழக்கம். காங்கேசன்துறை வீதியிலுள்ள வண்ணார்பண்ணையை எம்மவரிற் பலர் கடைத்தெருவின் தொடர்ச்சியாகவே அறிவர். நூல்களிலே வண்ணை எனப் போற்றப்படும் இப்பகுதியை எம் சங்கத்து இளைஞர் ஒரு நாளேனும் கால்நடையாகச் சென்று காணுதல் வேண்டும்.

முதலிலே காணத்தக்கது வைத்தீசுவரன் கோயில். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. 1658இல் வந்த ஒல்லாந்தர் காலத்திலும் சைவர் தம் வழிபாட்டை வீட்டினுள்ளே மறைவாகவே நடத்த வேண்டியிருந்தது. அவ்வொல்லாந்தர் கோட்டையில் இருந்தபோதே, ஆங்கிலேயர் வருவதற்கு நான்காண்டுகளின் முன், 1791இல் இச்சிவன் கோயில் நிறைவெய்தியது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஆட்சியாளரின் கெடுபிடி அப்போது தளர்ந்திருந்தது. வணிகரிடம் செல்வமும் துணிவும் சேர்ந்திருந்தன. கட்டுவித்தவர் வைத்திலிங்கச் செட்டியார். அவர் தந்தையார் கோபாலச் செட்டியாரின் ஆதரவிலே வாழ்ந்தவர் கூழங்கைத் தம்பிரான். தமிழகத்து மடத்திலிருந்து வந்த இத்துறவி கிறித்தவர்க்காக யோசேப்புப் புராணமும் பாடினார் என்பர். சமயப் பகை மிகுந்த காலம் என்று நாம் எண்ணும் நாளிலே தமிழ்ப் புலமை இருபாலார்க்கும் பொதுவாயிருந்தது போலும்!

1847 திசெம்பர் 31ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, இக்கோயிலிலே ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தை நிகழ்த்தினார். பின்னர் வெள்ளிதோறும் அவரும் நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பேசினர். மிசன் பாடசாலைகளிற் கற்ற எம் போன்றோர்க்கு இதிலே தனி ஈடுபாடு உண்டு. நாவலரும் வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். மேடைப் பிரசங்கம், வகுப்பு முறை, அச்சு நூல் ஆகிய கருவிகளைப் பாதிரிமாரிடமே கண்டறிந்தார். அவற்றைச் சைவத்துக்கு ஆக்கினார். 1848இல் வண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கி வந்தார். நாவலர் என்னும் பட்டம் திருவாவடுதுறை ஆதீனத்திலே கிடைத்ததும் அப்பயணத்தின்போதே.

ஒன்றை மறைத்தல் தகாது. இவ்வூர்ப் பெயரே வண்ணாரை நினைவூட்டுகின்றது; ஆயினும் வண்ணார் முதலிய மக்களுக்கு எம் கோயிற் கதவுகள் நெடுங்காலம் அடைத்தே கிடந்தன. நாவலரும் சாதிக் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுத்தவரல்லர். அவரது தொண்டைப் போற்றும் நாம் இதனையும் சேர்த்தே படித்தல் வேண்டும். பெரியோர் சிலர் எம்மீது சினங்கொள்ளவுங் கூடும்!

கோயிலிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உள்ளது. 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபையின் முயற்சியால் 1890இலே உருப்பெற்ற கல்லூரி இது. அமெரிக்கா சென்று மீண்ட விவேகானந்த சுவாமிகள் 1897 சனவரியில் இங்கே வேதாந்தம் பற்றிப் பேசினார். 1927இல் காந்தியடிகளும் யாழ்ப்பாணம் வந்தார்.

நகரின் பக்கமாகத் திரும்பினால் கன்னாதிட்டி. பொற்கொல்லர் வேலைக்குப் பெயர்பெற்ற இடம். ஊதுகுழலும் உமித்தணலும் கொண்டு தாலிக்கொடியும் அட்டியலும் ஆக்கிய கைகளின் மரபு அது. நுண்வேலையைப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்தல் நன்று. ஆதலின் நண்பர்கள் முதலிலே கன்னாதிட்டிக்குச் சென்று, மாலைப் பூசை வேளைக்குச் சிவன் கோயிலை அடைவாராக.