மூளைக்கு ஒரு மாற்றுக் குழாய்

நம்ம பேட்ச் நண்பன் ஒருத்தனுக்கு 'மோயமோயா' என்ற ரத்தக்குழாய் நோய். மூளையில் பைபாஸ் செய்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் பேச்சு குழறியது. ஸ்கேனில் ரத்தக் கசிவு. ரத்தம் போகவில்லை என்றுதானே பைபாஸ்? பின் ஏன் கசிய வேண்டும்? இதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை. ஹைட்ராலிக்ஸில் அரியர் வைத்து பாஸானவன்!

துருக்கியில் பிறந்த யாசர்கில், 1965-66ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் டோனகியின் ஆய்வுக்கூடத்தில், மைக்ராஸ்கோப் வழியே மிகச் சிறிய ரத்தக்குழாய்களைத் தைக்கப் பழகினார். 1967 அக்டோபர் 30 அன்று, ஜூரிச்சில், காதோரம் துடிக்கிற குழாயை மூளையின் குழாயோடு இணைத்தார். மறுநாளே டோனகியும் வெர்மான்ட்டில் அதையே செய்தார். குருவும் சீடரும் ஒரு நாள் இடைவெளியில்!

உலகமெங்கும் இது பரவியது. ஆனால் 1985ல் 1377 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வு, கழுத்திலும் மூளையிலும் கொழுப்படைப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதத்தை இது தடுக்கவில்லை என்றது. 2011ல் வந்த இன்னொரு ஆய்விலும் அதே ஏமாற்றம்தான்.

சரி, கசிவுக்கு வருவோம். பல வருஷம் ரத்தம் போதாத பகுதியில் குழாய்கள் முழுக்க விரிந்தே கிடக்கும். பிரஷர் ஏறினால் சுருங்கி ஓட்டத்தை மட்டுப்படுத்தும் பழக்கம் அவற்றுக்கு விட்டுப்போகும். வால்வு பழுதான பழைய லைனில் திடீரென மெயினைத் திறந்தால் என்ன ஆகும், நமக்குத் தெரியாதா? இதே தத்துவத்தை 1978ல் ஸ்பெட்ஸ்லர் குழுவினர், பிறவியிலேயே பின்னிக்கொண்ட ரத்தக்குழாய்களை அகற்றிய பின் வரும் கசிவுக்குச் சொன்னார்கள். போதாததற்கு, புதிய இணைப்பு அடைக்காமல் இருக்கத் தரும் ஆஸ்பிரின், கசிவை எளிதாக்கிவிடும். பிரஷரை ரொம்ப இறக்கினாலோ மூளை பட்டினி. டாக்டர் பாடு இரண்டு பக்கமும் அடிதான்.

இதில் ஒரு விசித்திரம். கசிந்துவிட்ட மோயமோயா நோயாளிகள் 80 பேரிடம் ஜப்பானில் நடந்து 2014ல் வெளியான ஆய்வில், பைபாஸ் செய்தவர்களில் மறுபடி கசிந்தது 11.9 சதவீதம், செய்யாதவர்களில் 31.6. நொய்ந்த குழாய்களின் சுமையைப் புதுக் குழாய் வாங்கிக்கொள்கிறதாம்.

நண்பன் ரீயூனியனுக்கு வருகிறான். காலை மாலை பிரஷர் எழுதிய நோட்டைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி காட்டுவான். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.