தன்னியக்க உலாவியில் பதிலாள் வழங்கி அமைப்பு

தன்னியக்க உலாவியில் பதிலாள் வழங்கி அமைப்பு என்பது, நிரல் ஒன்றினால் இயக்கப்படும் இணைய உலாவியின் வேண்டுகோள்கள் இணையத்தளத்தை நேரடியாக அடையாமல், இடையிலுள்ள வேறொரு வழங்கியின் ஊடாகச் செல்லுமாறு செய்வதாகும். இவ்விடை வழங்கி பொதுவாகப் பிராக்சி என அழைக்கப்படுகின்றது. நிறுவன வலையமைப்பின் உள்ளிருந்து வெளித்தளங்களைச் சோதிப்பதற்கும், உலாவி அனுப்பும் தரவுகளைப் பதிவு செய்து ஆராய்வதற்கும் இது பயன்படுகின்றது.

வரலாறு

செலீனியம் என்னும் சோதனைக் கருவியை 2004 ஆம் ஆண்டில் ஜேசன் ஹக்கின்ஸ் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் உருவாக்கினார். ஒரு தளத்திலிருந்து வந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மற்றொரு தளத்தின் பக்கத்தைக் கையாள்வதை உலாவிகள் தடுக்கின்றன. இத்தடையைக் கடக்கும் பொருட்டு, பின்னர் வந்த செலீனியம் ஆர்சி தனது வழங்கியையே உலாவிக்குப் பதிலாளாக நிறுத்தியது. உலாவியை வெளியிலிருந்தே இயக்கும் வெப்டிரைவர், 2011 இல் வெளியான செலீனியம் 2 இல் இணைக்கப்பட்டது. அதன்பின் பதிலாள் கட்டாயத் தேவையாக இல்லாமல் விருப்பத் தேர்வாயிற்று.

அமைக்கும் முறை

2018 சூனில் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையான வெப்டிரைவர் சீர்தரம் ஐந்து வகைகளை வரையறுக்கின்றது:

* பதிலாள் இல்லாத நேரடி இணைப்பு
* இயக்குதளத்தின் அமைப்பைப் பின்பற்றல்
* வலையமைப்பில் தானாகக் கண்டறிதல்
* தன்னமைவுக் கோப்பின் முகவரியைத் தருதல்
* வழங்கியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் கைமுறையாகத் தருதல்

இவ்விவரம் உலாவி அமர்வு தொடங்கும்போதே தரப்படுகின்றது. கைமுறையில், பதிலாளைத் தவிர்க்க வேண்டிய முகவரிகளையும் பட்டியலிடலாம்.

இரு இணைப்புகள்

இவ்வமைப்பில் இரு வேறு இணைப்புகள் உள்ளன. நிரலின் கட்டளைகள் இயக்கி மென்பொருளுக்குச் செல்வது ஒன்று. உலாவி இணையத்தளத்தை நாடுவது மற்றொன்று. மேற்கூறிய அமைப்பு இரண்டாவதை மட்டுமே கட்டுப்படுத்தும். கணினியின் சூழல் மாறிகளில் பதிலாள் குறிக்கப்பட்டிருப்பின், அதே கணினியிலுள்ள இயக்கிக்குரிய கட்டளைகளும் பதிலாளுக்குத் திருப்பப்படலாம். அந்நிலையில் உலாவியின் அமைப்பு சரியாக இருந்தும் நிரல் தோல்வியுறும். உள்ளகக் கணினியின் முகவரியை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது இதற்குத் தீர்வாகும்.

கட்டுப்பாடுகள்

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கோரும் பதிலாள், அவை தரப்படாதபோது 407 என்னும் நிலைக்குறியீட்டைத் திருப்பி அனுப்பும். குரோம் உலாவி, பதிலாள் முகவரியுடன் சேர்த்து எழுதப்படும் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. எனவே உலாவி நீட்சி வழியாக அதனைத் தருதல், அல்லது சோதனைக் கணினியின் ஐபி முகவரியைப் பதிலாளில் முன்னரே அனுமதித்தல் போன்ற முறைகள் கையாளப்படுகின்றன.

மறையாக்கம் செய்யப்பட்ட தளங்களின் உள்ளடக்கத்தைச் சாதாரண பதிலாள் படிக்க இயலாது. அதனைப் படிக்கும் ஆய்வுக் கருவிகளின் சான்றிதழை உலாவி நம்புமாறு அமைத்தல் வேண்டும். இது பாதுகாப்பைத் தளர்த்துவதால், சோதனைக்கெனத் தனியாக உருவாக்கிய உலாவிக் கணக்கில் மட்டும் செய்யத்தக்கது.